செவ்வந்திப் பந்தலில்

அவன் இன்னும் சொல்லவில்லை.

டோக்கியோ பூங்காவில், மூங்கில் பந்தலுக்குக் கீழே கண்காட்சிக்கு வைத்த செவ்வந்தித் தொட்டிகள். ஒவ்வொரு பூவும் சாப்பாட்டுத் தட்டு அகலம். கனத்தில் சாயாமலிருக்க அடியில் கம்பி வளையம்.

"இதைத் தலையில வச்சா கழுத்து ஒடிஞ்சிடும், மாப்பிள்ளை."

அவன் மனைவி நித்திலாவின் அம்மா. ஆகஸ்டில், மகளின் காரியத்துக்கு வந்தவர். மூன்று மாதமாக அவனுக்குச் சமைத்துப் போடுகிறார்.

நாளை காலை விமானம்.

இத்தனை நாளில், என்ன நடந்தது என்று ஒரு தடவைகூடக் கேட்கவில்லை.

கேட்டிருந்தால் சொல்லியிருப்பான்.

வெள்ளைப் பூத் தொட்டி ஒன்றின் முன் அத்தை நின்றுவிட்டார். ஒரே தண்டு. நூற்றுக்கும் மேல் பூக்கள். முதல் பரிசுச் சீட்டு காற்றில் ஆடியது.

விமான நிலையத்தில் முடியாது. இங்கேதான்.

"அத்தை. அவளுக்குச் சனிக்கிழமையே காய்ச்சல். ஞாயிறு ஆஸ்பத்திரி லீவு, திங்கள் போகலாம்னு நான்தான் சொன்னேன்."

திங்கள் காலை அவள் கண் திறக்கவில்லை. அது அத்தைக்குத் தெரியும்.

அவன் பூக்களை எண்ணத் தொடங்கினான். பதினேழு வரை வந்தான்.

"எனக்கும் அன்னைக்குப் போன் பண்ணா."

அத்தை முந்தானையை வாயில் அழுத்திக்கொண்டார்.

"மிளகு ரசம் வச்சுக் குடி, சரியாப் போயிடும்னேன். நீங்க அதைப் பத்திக் கேட்டுடுவீங்களோன்னு தினம் பயந்துட்டே இருந்தேன்."

அழுதார்.

அவன் அவர் தோளில் கை வைத்தான். மாப்பிள்ளை மாமியாரைத் தொடுவது வழக்கமில்லை. அத்தை விலகவில்லை.

பந்தல் மூலையிலிருந்து ஒரு ஜப்பானிய முதியவர் விரைந்து வந்தார். அந்தத் தொட்டியை வளர்த்தவர். தன் பூவைப் பார்த்துத்தான் அத்தை அழுகிறார் என்று நினைத்துவிட்டார்.

இடுப்பு வரை குனிந்து வணங்கினார்.

அத்தை அவசரமாகக் கண்ணைத் துடைத்துக்கொண்டு கைகூப்பினார். குனியவும் செய்தார்.

முதியவர் இன்னும் தாழக் குனிந்தார்.

அத்தையும்.

யார் முதலில் நிமிர்வது என்று இருவருக்கும் தெரியவில்லை.

அவனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான். முடியவில்லை.

"சிரிக்காதீங்க, மாப்பிள்ளை," என்றார் அத்தை, குனிந்தபடியே.

அவர் தோள்களும் குலுங்கிக்கொண்டிருந்தன.