புளியம்பலகையின் எடை

தன் மரம் அறுக்கும் மில்லில் ஒரு புளியம்பலகை காயக் காயக் கனத்து, கடைசியில் ரயில் எஞ்சினையே மிஞ்சிவிட்டது என்று தாவீதுராஜ் அடித்துச் சொல்வார். அருப்புக்கோட்டையே சிரிக்கும்.

அறுபத்தெட்டாம் வருஷம் சண்முகவேல் அறுக்கக் கொடுத்த மரம் அது. வாரம் ஒருமுறை பலகையை நிறுத்து, எடை இறங்குவதை வைத்துத்தான் அது காய்ந்ததை அறிவார் தாவீதுராஜ். இதுவோ வாரம் இரண்டு கிலோ ஏறியது.

"உம்ம தராசுல கோளாறுய்யா" என்றார் சண்முகவேல்.

பலகையை ஏற்றிப்போக அவர் வண்டியோடு வந்த அன்று, அடுப்புக்கு மரத்தூள் வாங்க வந்த அவர் தங்கை ராமலட்சுமி, பலகையின் பட்டையோரத்தில் ஒரு தழும்பைப் பார்த்து நின்றுவிட்டாள். அவள் ஊஞ்சல் கயிறு தேய்த்த தழும்பு. அவள் வீட்டு வாசல்நிலைக்கென்று அப்பா வாய்வார்த்தையாக விட்டுப்போன மரம்.

"இடி விழுந்து எரிஞ்சுபோச்சுன்னு சொன்னீகளே, அண்ணே?"

சண்முகவேல் வண்டிச் சக்கரத்தைப் பார்த்தார்.

நாலு ஆட்கள் பலகையைப் பிடித்தார்கள். அவர்களின் கால்தான் மண்ணில் இறங்கியது, பலகை அசையவில்லை. ராமலட்சுமி குனிந்து அதை ஒரு கையால் இடுப்பில் இடுக்கினாள். மறுகையில் தூள் சாக்கோடு, திரும்பிப் பார்க்காமல் திருச்சுழி ரோட்டில் நடந்தாள்.

அவள் தலை மறைந்ததும் சண்முகவேல் தாவீதுராஜ் பக்கம் திரும்பினார்.

"உம்ம தராசுல கோளாறு இல்லய்யா."