பொதுக் கிண்ணம்

"சிஞ்ஞோர், கடிச்ச குச்சியைத் திருப்பி அதுக்குள்ளை தோய்க்கக் கூடாது!"

பரிமாறிக்கொண்டிருந்த கிளறாவின் குரலில், இத்தாலியின் பலெர்மோ நகரிலிருந்த அந்த யப்பானியச் சாப்பாட்டுக் கடையே திரும்பிப் பார்த்தது. குச்சியில் குத்திப் பொரித்த இறைச்சியைப் பாதி கடித்துவிட்டு, எல்லாருக்கும் பொதுவான சோஸ் கிண்ணத்தில் மறுபடி அமிழ்த்தியவர் சிரித்தார்.

"ஒருக்காத்தானே? ஆருக்குத் தெரியப்போகுது?"

"எனக்குத் தெரியும். பக்கத்திலை பிள்ளையள் இருந்து சாப்பிடுதுகள். சோஸ் காணாட்டி முட்டைக்கோவா இலையாலை அள்ளி ஊத்துங்கோ."

கூட இருந்த நண்பர்கள் சிரித்ததும் அவர் முகம் சிவந்தது. "நீ எனக்குச் சொல்லுறியோ?" என்று வேண்டுமென்றே இன்னொரு தரம் தோய்த்தார்.

கிளறாவுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. கிண்ணத்தைப் பறித்துக்கொண்டு போய்க் குசினித் தொட்டியில் கவிழ்த்தாள்.

பொரித்துக்கொண்டிருந்த றொனி பதறினான். "அக்கா, உங்களுக்கென்ன விசரே? முதலாளியையே எல்லாருக்கும் முன்னாலை ஏசிப்போட்டியளே! இந்த நாட்டிலை இருக்கிறதுக்கான பெர்மெஸ்ஸோ புதுப்பிக்க அவற்றை கையெழுத்தெல்லே வேணும்!"

"வேறை ஆளெண்டால் தெரியாமல் செய்ததெண்டு பேசாமல் கிண்ணத்தை மாத்தியிருப்பன். இந்தச் சட்டத்தை எனக்குப் பழக்கினதே அந்தாள்தானே!"

குசினி வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்த முதலாளி தலை குனிந்தார். "புதுச் சோஸ் தா. நானே கொண்டுபோய் வைக்கிறன்."

"முதல்லை கையைக் கழுவுங்கோ," என்றாள் கிளறா.