கம்பனி என்றே போடுங்கள்

“ஒண்ணும் கட்டத் தேவையில்லீங்க ஹாஜியார்” என்றாள் தர்ஷிகா.

கட்டுகஸ்தோட்டைப் பாலத்துக்குப் பக்கத்தில், மருந்துக்கடையின் மேல்மாடியில் அவளுடைய வரி ஆலோசனை அலுவலகம் இருந்தது. இந்த வார்த்தையைக் கேட்டவர்கள் சும்மா போனதில்லை. கீழே இறங்கிப் போய்ச் சுடச்சுட ஒரு பெட்டி பற்றீஸ் வாங்கி அனுப்பியவர்களும் உண்டு.

மஹ்மூத் ஹாஜியார் கதிரையின் நுனிக்கு வந்தார்.

“இன்னொருக்கா சரியாப் பாருங்க மகள்.”

அவள் ஏற்கெனவே இரண்டு தடவை பார்த்துவிட்டாள். மேசையில் விரிந்து கிடந்தது அவருடைய மகன் ஆகிபின் கொப்பி. வாடகை அறையொன்றில் நான்கு இயந்திரங்களை வைத்துக்கொண்டு பிட்கொயின் எடுத்தவன் அவன். அவை இரவு பகலாகக் கணக்குப் போடும். அதற்குக் கூலியாக இணையத்தில் நாணயத் துணுக்குகள் வந்து விழும். எந்த நாளில் எவ்வளவு விழுந்தது, அன்றைக்கு அதன் பெறுமதி எத்தனை ரூபா, மின்சாரத்துக்கு எவ்வளவு போனது என்று ஒன்று விடாமல் எழுதியிருந்தான்.

சாக்கு நிறையப் பில் துண்டுகளைக் கொண்டுவந்து கொட்டும் கடைக்காரர்களோடு மாரடிக்கும் தர்ஷிகாவுக்கு, அந்தக் கொப்பியைப் பார்த்ததும் அதன் சொந்தக்காரனைப் பார்க்க ஆசையாக இருந்தது.

அவன் மௌத்தாகி மூன்று மாதம். அக்குறணை வீதியில் மோட்டார் சைக்கிள் விபத்து. கலியாணம்கூட முடிக்காத பிள்ளை.

போனவனின் கழுத்தில் கடன் கிடக்கக்கூடாது. இந்த மூன்று மாதமும் மஹ்மூதுக்கு அது ஒன்றுதான் வேலை. தேநீர்க்கடை, ஃபோன் கடை, கராஜ் என்று ஒன்று விடாமல் ஏறி இறங்கினார். “எங்கட மகன் ஏதாவது தர ஈக்கா?” என்று கேட்டார். யாருக்கும் ஐந்து சதம் பாக்கி இல்லை. கராஜ்காரன் மட்டும் லாச்சியைத் திறந்து, ஆகிப் முற்பணமாகக் கொடுத்திருந்ததில் மிச்சம் என்று எழுநூறு ரூபாவை எண்ணி அவர் கையில் வைத்தான். அன்றைக்கு அவர் பஸ் ஏறாமல் மடவளையிலுள்ள வீடு வரைக்கும் நடந்தே போனார்.

பிறகுதான் யாரோ சொன்னார்கள், கிரிப்டோ வருமானத்துக்கும் வரி உண்டென்று. அரசாங்கம் என்று ஒரு கடன்காரர் மிச்சம் இருப்பது அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. கராம்பு விற்ற காசைப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டார்.

தர்ஷிகா பொறுமையாக விளங்கப்படுத்தினாள். அதற்கென்று தனிச் சட்டம் இன்னும் இல்லை, ஆனால் வருமானம் வருமானம்தான். வருடம் முழுவதும் பதினொரு இலட்சம். மின்சாரத்தைக் கழித்தால் ஏழு. தனியாள் ஒருவருக்குப் பதினெட்டு இலட்சம் வரைக்கும் வரியே இல்லை.

ஏழு இலட்சமா? ஊர் கோடி என்றல்லவா சொன்னது. அவரும் கோடி என்றுதான் நம்பினார். சூதாடிச் சேர்த்த கோடி. ‘அந்தக் காசோடு என் வாசலை மிதிக்காதே’ என்று பிள்ளையை அனுப்பியதும் அதை நம்பித்தான்.

ஏழைப் பன்னிரண்டால் பிரித்துப் பார்த்தார். மாதம் அறுபதினாயிரம்கூட வரவில்லை. அதில் அறை வாடகை போக, பிள்ளை என்னத்தைத் தின்றான்?

“இது சூதுதானே மகள்?”

“இல்லீங்க. தொழில்னுதான் எழுதணும்.”

வெளியே கண்டி பஸ் ஒன்று ஹோர்ன் அடித்து ஓய்ந்தது. மஹ்மூத் கொப்பியைத் தன் பக்கம் இழுத்தார். பிறகு, எப்படிப் போட்டால் வரி வரும் என்று கேட்டார்.

இத்தனை வருடத்தில் அவளிடம் யாரும் கேட்காத கேள்வி அது. கேட்டதற்குப் பதில் சொல்லத்தானே வேண்டும்? கம்பனியாக இருந்தால் அந்தப் பதினெட்டு இலட்சச் சலுகை கிடையாது, இலாபத்தில் முதல் ரூபாவிலிருந்தே நூற்றுக்கு முப்பது கட்டவேண்டும் என்றாள்.

“அப்ப கம்பனி எண்டே போடுங்க.”

அவளுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அவர் முகத்தைப் பார்த்ததும் அடக்கிக்கொண்டாள். பதிவே செய்யாத கம்பனியை, அதுவும் ஆள் போன பிறகு, எங்கிருந்து கொண்டுவருவது?

மஹ்மூத் பையைத் திறந்து காசுக் கட்டை அவள் பக்கம் தள்ளினார். அவள் திருப்பித் தள்ளினாள். ஓர் ஆயிரத்தையாவது மகன் பெயரில் கட்டி ஒரு துண்டு எடுத்துத் தரச்சொல்லிக் கெஞ்சினார். அறுபத்தெட்டு வயது மனிதர், சந்தையில் ஒரு ரூபா விட்டுக்கொடுக்காதவர், சின்னப் பிள்ளை மாதிரி அழுதார்.

“மகன் யாருக்கும் கடன்படாமப் போயிருக்காரு. அதுக்குச் சந்தோஷப்படுங்க ஹாஜியார்” என்றாள் தர்ஷிகா. ஆறுதலாகத்தான் சொன்னாள். ஊரில் நடந்தது அவளுக்கு எப்படித் தெரியும்?

ஜனாஸாத் தொழுகைக்கு முன், மௌத்தானவரின் வீட்டார் ஒருவர் முன்னுக்கு வந்து, ‘இவர் யாருக்காவது கடன் கொடுக்க இருந்தால் என்னிடம் கேளுங்கள்’ என்று சபையில் பொறுப்பெடுப்பது வழக்கம். ஆகிபை அடக்கிய அன்று பள்ளிவாசலில் எல்லாரும் தகப்பனைத் திரும்பிப் பார்த்தார்கள். இமாமும் காத்துக்கொண்டு நின்றார்.

சூதாடியின் கடனை நான் சுமப்பதா என்று, மஹ்மூத் நின்ற இடத்தைவிட்டு அசையவில்லை.

கடைசியில், அறையை வாடகைக்குக் கொடுத்திருந்த லாபிர்தான் முன்னுக்குப் போய், “என்னட்டக் கேளுங்க” என்றார்.