புது வூடு பழகற வரைக்கும்

"கதவத் தொறங்க சார்! வாயில்லா ஜீவனப் போட்டு இன்னா பண்றீங்க?"

செவ்வந்தி உள்ளங்கையால் ஓங்கி ஓங்கித் தட்டினாள். சந்தவாசலிலிருந்து மலையேறி ஜமுனாமரத்தூருக்கு, அதுவும் அவள் பக்கத்து வீட்டுக்கே தனசேகரன் குடும்பம் குடிவந்ததிலிருந்து, பொழுது சாய்ந்தால் சுவருக்கு அந்தப் பக்கம் முனகல்தான். இன்று அதைக் கேட்டு அவள் மகள் தட்டைத் தள்ளிவைத்துவிட்டு அழுதுவிட்டாள்.

தனசேகரன் சிரித்தபடி கதவைத் திறந்தான்.

"அன்னிக்கே சொன்னேனேங்க. பூனைக்கு புது வூடு. பழகற வரைக்கும் கத்தத்தான் செய்யும்."

"கத்துச்சின்னா அடிப்பீங்களா? தொம்முனு விழுந்த சத்தம் எனக்கு கேக்கலியா?"

"பாத்திரத்தத் தள்ளிவுட்டுடுச்சி. நம்பலன்னா உள்ள வந்து பாருங்க."

விடுவிடுவென்று உள்ளே போனாள். அவன் பின்னாலேயே வந்து பொறுமையாக விளக்கினான்.

"ஒரே ரூம்ல வெச்சி கதவச் சாத்தணும்ங்க. பழைய வூட்டுக் கோணிய விரிச்சா அந்த வாசத்துக்கு மனசு அடங்கும். இப்பவே வெளிய வுட்டா பழைய எடத்தையே தேடி ஓடிடும்."

கோணிமேல் வயிற்றைக் காட்டிப் படுத்திருந்த பூனை எழுந்து, வாலை நிமிர்த்திக்கொண்டு வந்து செவ்வந்தியின் காலில் உரசியது. தூக்கித் திருப்பிப் பார்த்தாள். ஒரு கீறல் இல்லை. கிண்ணத்தில் பால் பாதி மிச்சமிருந்தது.

அவளுக்கு முகம் சுண்டிப்போனது. ஆனாலும் கோபம் முழுதாக இறங்கவில்லை.

"இன்னொரு வாட்டி அந்தச் சத்தம் கேட்டுச்சி, தெருவையே கூட்டிடுவேன் சார். சொல்லிட்டேன்."

"கேக்காதுங்க. நான் பாத்துக்கறேன்."

பூனையை இறக்கிவிட்டு வாசலை நோக்கித் திரும்பியவளின் கையை யாரோ இறுகப் பிடித்தார்கள். அவன் மனைவி கோகிலவாணி. குடிவந்த நாளிலிருந்து தெருவில் ஒருவரும் அவள் பேசிக் கேட்டதில்லை.

"உள்ள போ," என்றான் தனசேகரன். இப்போது அவன் முகத்தில் சிரிப்பு இல்லை.

அவள் போகவில்லை. கையையும் விடவில்லை.

"அக்கா, கத்துனது பூனை இல்ல."