மூன்றாம் குளம் காய்ந்த ஒன்பதாம் நாள்

அரிசோனாவில் அந்தப் பாலைவனப் பூங்காவின் குளங்கள், சுத்திகரித்த கழிவுநீரை மண்ணுக்குள் இறக்குவதற்காக வெட்டப்பட்டவை. முறைவைத்து ஒவ்வொன்றாகக் காயப்போடுவார்கள். மூன்றாம் குளம் காய்ந்து ஒன்பது நாள் ஆகிறது. தரை பாளம் பாளமாக வெடித்திருந்தது.

காலை ஏழு மணிக்கு ஊழியர் ஒபீலியா, நிலத்தடி நீர்மட்டம் பார்க்கக் கரையிலிருந்த ஆழ்துளைக் குழாயில் அளவுநாடாவை இறக்கப் போனாள். நாடாவின் நுனி தண்ணீரைத் தொட்டால் பீப் என்று கத்தும். நேற்று நூற்றுப்பன்னிரண்டு அடியில் கத்தியது. இன்று குழாய்க்குள் விடுவதற்கு முன்பே கத்தியது.

"பேட்டரிய மாத்திப் பாரு தாயி," என்றார் போனில் மேற்பார்வையாளர் ரைமுண்டோ.

மாற்றினாள். முழங்காலுக்குக் கீழே பிடித்தால் கத்தியது. அதற்கு மேலே தூக்கினால் அடங்கியது. அவள் காலணி காய்ந்தேதான் இருந்தது.

குளத்துத் தரை, கரையைவிட நாலடி பள்ளம். பறவை பார்க்க வரும் ஓய்வுபெற்ற ஆசிரியர் லெஸ்டர், தினமும் அதில்தான் குறுக்குவழி போவார். அவள் தினமும் விரட்டுவாள்.

"வாத்தியாரே! பாதைன்னு ஒண்ணு போட்டிருக்கமே, அது என்ன பல்லி நடக்கவா?"

எப்போதும் சுடச்சுடத் திருப்பிக் கொடுப்பவர் அவர். இன்று பைனாகுலரை இரண்டு கைகளாலும் தலைக்கு மேலே தூக்கிப் பிடித்து, மோவாயை நிமிர்த்தி, நடுக்குளத்திலிருந்து மெல்ல மெல்லக் கரையை நோக்கி வந்துகொண்டிருந்தார். உதடுகளை இறுக மூடியிருந்தார்.