எதிர் பெஞ்சு

"இன்னைக்கு அந்தத் தமிழரசு பாத்ரூம்ல வழுக்கி விழுவான் பாருங்கக்கா. மாவுக்கட்டோடதான் கோர்ட்டுக்குப் போவான்" என்றாள் பக்கத்து வீட்டு உஷாராணி.

ஊருக்கே தெரிந்த வழுக்கல்தான் அது. ரவுடிகள் மட்டும் விழுவார்கள். போலீஸ்காரர் யாரும் விழுந்ததில்லை.

ரஞ்சனி சிரித்தாள். விழட்டுமே. மாமூல் தரமாட்டேன் என்று சொன்னதற்காக, லாரி பாடி பட்டறைக்குள் புகுந்து அவள் கணவர் சென்னியப்பனின் வலது கையை வெட்டியவன் ஆயிற்றே. இனி அந்தக் கை வெல்டிங் பிடிக்குமா என்று டாக்டராலேயே உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

விடிகாலையில் தமிழரசு பிடிபட்டான் என்றதுமே சென்னியப்பன் கட்டுப்போட்ட கையோடு ஸ்டேஷனுக்குக் கிளம்பிவிட்டார். ஸ்டேஷனோடு சேர்ந்து வேலை செய்ய ஏரியா மக்கள் அமைத்திருக்கும் காவல் குழுவுக்குத் தலைவர் அவர்தான். உள்ளேயே உட்கார விடுவார்கள்.

"அடி விழறதைக் கண்ணால பாக்கோணும்னு போயிருக்காரு. ஆம்பளைன்னா அவருதானுங்கக்கா."

ரஞ்சனிக்குப் பெருமை தாங்கவில்லை.

மத்தியானம் சோறு எடுத்துக்கொண்டு போனாள். ஸ்டேஷன் வாசலில் தமிழரசின் அம்மா ஜானகியம்மாள் அழுதுகொண்டிருந்தாள். ரஞ்சனி முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

லாக்கப்புக்கு எதிர் பெஞ்சில் சென்னியப்பன்.

"எத்தனை அடி விழுந்துச்சுங்க?" என்று கேட்டபடியே ஊட்டிவிட்டாள்.

அவர் லாக்கப்பைப் பார்த்தபடியே மென்றார்.

"ஊட்டுக்கு வந்து படுங்க."

"அவனை வேன்ல ஏத்தட்டும். வாரேன்."

கொஞ்ச நேரத்தில் வேன் வந்தது. தமிழரசு நடந்து போய் ஏறினான். கை, கால் எல்லாம் முழுசாக இருந்தன.

ரஞ்சனி சோற்றுப் பாத்திரத்தைப் பெஞ்சில் வைத்தாள். நேராக இன்ஸ்பெக்டரிடம் போனாள்.

"காசு வாங்கிட்டீங்களா?"

இன்ஸ்பெக்டர் கோபப்படவில்லை.

"எங்களுக்கும் கை துறுதுறுன்னுதாம்மா இருந்துச்சு. உங்க வீட்டுக்காரர் எந்திரிச்சாத்தானே? பாத்ரூமுக்குக்கூட அவனை இவரேதான் கூட்டிட்டுப் போனாரு."

"எதுக்கு?"

"யாரைப் பிடிச்சாலும் குழு ஆள் ஒருத்தர் பக்கத்துல இருக்கணும், கை வைக்கக் கூடாதுன்னு தீர்மானம் போட்டதே அவருதான். இவனுக்குன்னதும் குழுவுல ஒருத்தரும் வரலை. அதான், வெட்டுப்பட்டவரே வந்து உக்காந்துட்டாரு."

ரஞ்சனி திரும்பிப் பார்த்தாள். சென்னியப்பன் பெஞ்சிலேயே சாய்ந்து தூங்கியிருந்தார்.

அவரை எழுப்பிக் கூட்டிக்கொண்டு தெருவுக்குள் நுழைந்ததும் உஷாராணி ஓடிவந்தாள்.

"செம அடியாக்கா?"

ரஞ்சனி தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்:

"எங்க ஊட்டுக்காரரு உக்காந்திருக்கற எடத்துல யாருக்கும் அடி விழாது."