பதினேழாம் எண்

"பதினேழைத் தூக்கிடுங்க. இதுல யோசிக்க என்ன இருக்கு?" என்றார் வீரர்களின் பிரதிநிதி.

கிளப்பின் செயலாளர் பேனா மூடியைத் திறந்தார், மூடினார். பார்வையாளர் மாடத்துக்கு அடியில் இருந்த அந்த அறையில் ஒரு மேசை, மூன்று நாற்காலிகள். கடிகாரம் நாலேகால் காட்டியது. ஐந்து மணிக்குள் வீரர் பட்டியல் லீக் அலுவலகத்துக்குப் போயாக வேண்டும்.

விளம்பரம் தந்த நிறுவனம் விலகிவிட்டது. மிச்சமிருக்கும் தொகையில் இன்னும் ஒரே ஓர் ஒப்பந்தம்தான் போடலாம். பதினேழாம் எண், இல்லையென்றால் வெளியிலிருந்து வரத் தயாராக இருக்கும் கோல்கீப்பர். இந்த முறையும் கடைசி இடம் என்றால் லீக்கில் இடமில்லை. ஹாக்கி கிளப்புக்குப் பூட்டுதான்.

அந்த மேசையில் யார் பெயரையும் சொல்லக் கூடாது. சட்டை எண் மட்டும். மூன்று வருடங்களுக்கு முன் பிரதிநிதி கொண்டுவந்த வழக்கம் அது. பெயரைச் சொன்னால் முகம் வந்துவிடும், முகம் வந்தால் கை எழுதாது என்று அப்போது சொன்னார்.

"பதினாலு வருஷம் சார்," என்றாள் பிசியோ. கோச்சை நிறுத்திய பிறகு அவர் நாற்காலியில் அவள்தான் உட்காருகிறாள். "போன சீசன்ல நாம போட்டதே இருபது கோல். அதுல பதினொண்ணு அவரோடது."

"வாங்கினதையும் சொல்லும்மா. அம்பத்தாறு. இப்ப இருக்கிற கீப்பருக்குப் பதிலா ஒரு போர்வையைத் தொங்கவிட்டிருந்தா, நாலு பந்தாவது அதுல பட்டு நின்னிருக்கும்."

செயலாளருக்குச் சிரிப்பு வந்தது. பாதியில் நின்றது.

"பெனால்டி கார்னர்னா மாடமே எழுந்து நிக்குதே, அது யாருக்காக?" என்றாள் பிசியோ.

"பழக்கத்துல நிக்கிறாங்க. கடைசி ஆறு மேட்ச்ல உள்ள போனது ஒண்ணே ஒண்ணு. அதுவும் அவன் அடிச்சது எங்கேயோ, எவன் மட்டையிலயோ பட்டு உள்ள போச்சு."

"ஏன் அவன் இவன்னு பேசறீங்க?" என்றாள் அவள். "அண்ணே, நீங்களே இப்படிப் பேசலாமா?"

"முட்டி போச்சும்மா. படியில நேரா இறங்க முடியல. கம்பியைப் பிடிச்சுக்கிட்டு, பக்கவாட்டுல, ஒவ்வொரு படியா இறங்கணும். யாராவது வந்தா குனிஞ்சு ஷூ கயிறு கட்டற மாதிரி நடிக்கிறது. ஆள் போனதும் மறுபடி இறங்கறது."

"நான் பார்த்ததே இல்லையே."

"நீ பார்க்கிற மாதிரியா இறங்குவான்?"

செயலாளர் நிமிர்ந்தார். "உங்களுக்கு அவர் மேல ஏன் இவ்வளவு கோபம்?"

"கோபம் இல்ல சார். மணியைப் பாருங்க."

நாலரை. மேசை மேல் செயலாளரின் கைபேசி அதிர்ந்தது. கோல்கீப்பர்தான். இன்னொரு கிளப் கேட்கிறதாம், உடனே பதில் வேண்டுமாம். "பத்து நிமிஷம் குடுப்பா. பத்தே நிமிஷம்," என்று கெஞ்சிவிட்டு வைத்தார்.

"பதினேழு பாதிச் சம்பளத்துக்கு ஒத்துக்கிட்டா?" என்றார்.

"கீப்பருக்குப் போக பாதி இருக்கா?"

"கால்வாசிகூட இல்ல."

"அப்புறம் என்ன பேச்சு?"

பிசியோ மேசையைப் பிடித்துக்கொண்டாள். "பொண்ணு பத்தாவது படிக்கிறா. முப்பத்தெட்டு வயசுல வேற யாரு எடுப்பாங்க? மட்டை பிடிக்கிறதைத் தவிர அவருக்கு என்ன தெரியும்? நாளைக்குக் காலையில எழுந்து எங்க போவாரு?"

பிரதிநிதி தண்ணீர் தம்ளரை எடுத்துக் குடித்தார். அது காலியாக இருந்தது. கீழே வைத்தார்.

"வீட்டுக் கதை வேண்டாம்னுதானே நம்பர் வெச்சோம்," என்றார். "கீப்பர் இல்லேன்னா கிளப் இல்ல. பதினெட்டுப் பேர் வீடு இருக்கு. மூணு கையில ரெண்டு போதும். தூக்குங்க."

முதலில் அவர் கை உயர்ந்தது. பிசியோ தன் கைகளை மேசைக்கு அடியில் வைத்துக்கொண்டாள். செயலாளர் ஜன்னல் பக்கம் திரும்பினார். ஜன்னலுக்கு வெளியே ஒன்றுமில்லை, சுவர்தான். அதைப் பார்த்தபடியே கையைத் தூக்கினார்.

கோல்கீப்பரை அழைத்து, "வந்துடுப்பா," என்றார்.

பட்டியலில் ஓர் எண்ணை அடித்தார். இழுப்பறையிலிருந்து விடுவிப்புப் படிவத்தை எடுத்தார். சட்டை எண், பதினேழு. ஆண்டுகள், பதினாலு. காரணம் என்ற இடத்தில் பேனா நின்றது.

"நிதிப் பற்றாக்குறைன்னு எழுதுங்க," என்றார் பிரதிநிதி அவசரமாக. "முட்டின்னு எழுதிடாதீங்க சார். எழுதினா வேற எந்த கிளப்பும் உள்ள விட மாட்டான்."

செயலாளர் எழுதினார். கடைசிக் கட்டம் மட்டும் மிச்சம். 'வீரருக்குத் தெரிவித்த விதம்' என்று அச்சிட்டிருந்தது. அதைச் சத்தமாகப் படித்தார். பிசியோ முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"இதுல நான் என்னன்னு எழுதறது?" என்றார் செயலாளர்.

பிரதிநிதி காலித் தம்ளரை மேசையின் ஓரத்துக்கு நகர்த்தினார்.

"நேர்ல சொல்லியாச்சுன்னு எழுதுங்க சார், இங்கதானே உட்கார்ந்திருக்கேன்."